வாசலில் ஒலித்த டம்ளர்

திங்கள்

இன்று காலை ஆலை வாசலில் எங்கள் வீட்டு டம்ளர் ஒலித்தது.

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். யாராவது படித்தால் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் சோதனைக்கூட வேலையில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம்ப முடியாத எண் வந்தால் அதை அழிக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

எங்கள் வார்ப்பட ஆலை கோவையின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. பம்புகளுக்கான இரும்பு உடல்களை வார்க்கிறோம். ஆடி மாதத்திலிருந்து வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு நிற்கிறது. அடையாள அட்டையைத் தொட்டு உள்ளே போனால் கதவு மூடும். காலுக்குக் கீழே இருக்கும் தட்டு எடையை எடுத்துக்கொள்ளும். பிறகு காதை லேசாக அடைப்பதுபோல் காற்று அழுந்தும். காற்று எவ்வளவு அழுந்த மறுக்கிறது என்பதை வைத்து நம் உடம்பு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். ‘மூச்சை முழுவதும் வெளியே விட்டு நிற்கவும்’ என்று உள்ளே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பச்சை விளக்கு எரிந்தால் போகலாம். காலையில் நுழையும்போதும் மாலையில் திரும்பும்போதும் இதே முறை. பித்தளைத் துண்டுகள் காணாமல் போகின்றன, அதைப் பிடிப்பதற்காக இந்தக் கூண்டு என்று சொன்னார்கள்.

இதுவரை அது ஒரு உதவாக்கரை. கண்டவர்களுக்கெல்லாம் ‘பீப்’ என்று கத்தும். செக்யூரிட்டியே காதில் வாங்கமாட்டார்.

இன்று மயிலாத்தாள் அக்கா உள்ளே போனபோது ‘பீப்’ வரவில்லை. ‘டிங்’ என்று ஒரு உலோகச் சத்தம். முடிவில் ஓர் அதிர்வு, தகரம் நடுங்குவதுபோல. அந்த நடுக்கத்தின் வாலில், வெட்டுப்பட்ட ஒரு மனிதக் குரல்: “சு...”

எங்கள் வீட்டில் நசுங்கிச் சொட்டை விழுந்த ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. மாலை வகுப்பில் செய்யும் விளையாட்டுக்குச் சத்தம் வேண்டி அதைக் கரண்டியால் தட்டி நான் போனில் பதிவு செய்தபோது, சித்தி அடுப்படியிலிருந்து “சுகந்தி” என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் பதிவைச் சட்டென்று நிறுத்தினேன். முதல் எழுத்து மட்டும் மாட்டிக்கொண்டது.

அந்தப் பதிவு என் போனிலும் மாலை வகுப்பின் கணினியிலும் மட்டுமே இருக்க வேண்டும்.

கேள்விக்குறி.

செவ்வாய்

வகுப்பைப் பற்றி எழுதாவிட்டால் எனக்கே பிறகு புரியாது.

வேலை முடிந்து வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். செவ்வாய், வெள்ளி. விளையாட்டு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் இலவச வகுப்பு. எடுப்பவர் தயாளன் சார். முப்பது வயது இருக்கும். கணினிப் பக்கத்தில் எப்போதும் ஒரு பொட்டலம் வறுகடலை வைத்திருப்பார். யாருக்கும் நீட்டமாட்டார்.

முதல் வாரம் பெட்டியை நகர வைத்தோம். அடுத்த வாரம் விழ வைத்தோம். அதன் பிறகு சார் ஒரு விளையாட்டைக் கொடுத்தார். ஓடும் பட்டையில் பொருள்கள் வரிசையாக வரும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். சிலவற்றின் உள்ளே மட்டும் குழி. எவை என்று கணினியே கண்டுபிடிக்கும்படி விதி எழுத வேண்டும்.

“எதை வச்சு சார் கண்டுபிடிக்கறது?” என்று கேட்டான் ஷாகுல். மொபைல் ரிப்பேர் கடையில் இருக்கிறான். என் பக்கத்து இருக்கை.

“ரெண்டு எண் குடுத்திருக்கேன். எடை ஒண்ணு, அது அடைக்கற இடம் ஒண்ணு. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.”

எனக்கு அது பகலில் செய்கிற வேலையேதான். ஷாகுலுக்குச் சொன்னேன். “எடையை இடத்தால வகுத்தா அடர்த்தி. நாங்க வார்ப்பைக் காத்துல ஒருக்கா நிறுப்போம். நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள தொங்கவிட்டு ஒருக்கா நிறுப்போம். தண்ணிக்குள்ள எத்தனை கிராம் குறையுதோ, அது அத்தனை கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்குதுன்னு அர்த்தம். எழுநூத்திப் பத்துக் கிராம் இரும்பு தண்ணியில நூறு குறைஞ்சா அடர்த்தி ஏழு புள்ளி ஒண்ணு. நல்ல வார்ப்பு. அதே எடை இருந்து நூத்திப் பத்து குறைஞ்சா உள்ள எங்கயோ காத்து ஒக்காந்திருக்குது.”

“அப்ப இவ்வளவுதானா? ஏழுக்குக் கீழ வந்தா தூக்கிப் போடு.”

“அதுதான் இல்லை. வார்ப்பு மேல தண்ணிக்குமிழி ஒட்டிக்கிட்டாலும் குறைச்சுக் காட்டும். நல்ல உருப்படியைத் தூக்கிப் போட்டுருவோம். சோப்புத் தண்ணி தொட்டுத் துடைச்சிட்டு மறுபடி நிறுக்கணும்.”

அதனால் என் விதி இப்படி அமைந்தது. எந்தப் பொருளையும் பொதுவான ஓர் எண்ணோடு ஒப்பிடாதே. அதன் சொந்தப் பழைய எண்களோடு ஒப்பிடு. குறைந்தால் டம்ளரை ஒலித்து இன்னொரு சுற்று அனுப்பு. மூன்றாவது முறையும் குறைந்தால், சத்தம் முடிந்த கையோடு, பட்டையிலிருந்து எடுத்துவிடு.

வகுப்பிலேயே என்னுடையதுதான் சரியாக ஓடியது. சார் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். பாராட்டவில்லை. “இதை நான் மேல அனுப்பறேன்” என்றார். போன வெள்ளிக்கிழமை அது.

இன்று வகுப்பில் ஷாகுலிடம் டம்ளர் விஷயத்தைச் சொன்னேன். “உன் டம்ளருக்கு ராயல்டி கேளு” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, “தகரம் தட்டினா எல்லாம் ஒரே சத்தம்தான் சுகந்தி” என்றான்.

இருக்கலாம். ஆனால் தகரம் பெயர் சொல்லிக் கூப்பிடாது.

அடுத்த வாரம், வியாழன்

மயிலாத்தாள் அக்காவுக்கு இதுவரை மூன்று முறை ஒலித்துவிட்டது. இன்று காலை அவருடைய அட்டைக்கு வாசல் திறக்கவில்லை.

அவர் மணல் அச்சுப் பிரிவில் இருந்தார். பதினெட்டு வயதில் உள்ளே வந்தவர். காலை முழுவதும் வெளியே வேப்பமரத்தடியில் சோத்துப்போசியோடு உட்கார்ந்திருந்தார். யாரும் பக்கத்தில் போகவில்லை. நானும் போகவில்லை. கேண்டீனில் பேச்சு அதற்குள் ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது.

“போசிக்குள்ள வச்சுத்தான் கொண்டுபோயிருக்கும்.”

“முந்தானையில முடிஞ்சிருந்துச்சாமா.”

“யாரு பாத்தா?”

“கூண்டு பாத்துச்சே.”

என் சித்தப்பா ஆறுக்குட்டி அதே மேசையில் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வார்ப்புகளில் பிசிறைத் தேய்த்து எடுக்கும் பிரிவில் இருக்கிறார். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார்.

“அந்தம்மா திருடுனா நான் கலெக்டர்” என்றார். பிறகு இருமினார். இருமி முடிக்க நேரமானது.

மதியம் எனக்கு ஒன்று உறைத்தது. பித்தளையை மறைத்துக் கொண்டு போகிறவரின் அடர்த்தி கூடும். பித்தளை மனித உடம்பைவிட எட்டு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. என் விதியோ, குறைந்தால்தான் டம்ளரை ஒலிக்கும்.

கூண்டு உண்மையிலேயே என் விதியை வைத்திருந்தால் அது திருடர்களைத் தேடவேயில்லை.

திங்கள்

அளந்து பார்த்தேன்.

சரிபார்ப்புக்கு அனுப்பியிருந்த இரண்டு கிலோ பித்தளை எடைக்கல்லைத் திரும்ப வாங்கிவரும் முறை என்னுடையது. பையில் வைத்து செக்யூரிட்டியிடம் காட்டிவிட்டு வருவதுதான் வழக்கம். இன்று அதைத் துப்பட்டாவால் இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு கூண்டுக்குள் போனேன். மூச்சை முழுவதும் விட்டேன். காது அடைத்தது.

பச்சை.

இரண்டு கிலோ பித்தளையோடு நான் நடந்து போனேன், கூண்டு வாயைத் திறக்கவில்லை.

சுவரோரம் நின்று கல்லை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் டம்ளர் ஒலித்தது. “சு...” திரும்பிப் பார்த்தேன். கூண்டுக்குள் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார்.

“இன்னொருக்கா நில்லுங்ணா” என்றார் செக்யூரிட்டி.

சித்தப்பா மறுபடி நின்றார். மறுபடி ஒலித்தது. வரிசை முழுவதும் அவர் கையிலிருந்த போசியைப் பார்த்தது. அவர் அதைத் திறந்து காட்டினார். “எலுமிச்சங்கா ஊறுகா இருக்குது. வேணும்னா அதை எடுத்துக்கங்க.”

யாரும் சிரிக்கவில்லை. போன வாரம்வரை சிரித்திருப்பார்கள்.

இன்றே இரண்டு. இன்னும் ஒன்று பாக்கி.

செவ்வாய்

வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை கேபிளைச் சுருட்டுவதுபோல் நின்றேன். தயாளன் சார் விளக்குகளை அணைக்க ஆரம்பித்தார்.

“சார், நாங்க எழுதறதெல்லாம் எங்க போகுது?”

“சர்வருக்கு.”

“அங்கிருந்துங்க சார்?”

“மேல.”

“மேலன்னா யாரு?”

“சுகந்தி, இது இலவச வகுப்பு. முதல் நாள் ஒரு காகிதத்துல எல்லாரும் கையெழுத்து போட்டீங்க. இங்க எழுதறதெல்லாம் வகுப்பை நடத்தறவங்களுக்குச் சொந்தம். படிச்சுப் பாத்தியா?”

“இல்லீங்க சார்.”

“நானும் படிக்கலை.” ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். “நான் சொல்லிக்குடுக்கறது விளையாட்டு. அதை யாரு எங்க வைக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது.”

தெரியாது என்று சொல்கிறவர் கண்ணைப் பார்த்துச் சொல்வார். இவர் அணைந்திருந்த விளக்கைப் பார்த்துச் சொன்னார்.

“எங்க ஆலை வாசல் கூண்டுல என் டம்ளர் சத்தம் வருது சார்.”

அவர் மெல்லுவதை நிறுத்தினார். “வேலை பாக்கறவங்க அவசரத்துல விதியைத் தூக்கி வைக்கும்போது கூடவே சத்தத்தையும் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. யாரும் திறந்து பாக்கறதில்லை. ஓடுதா, சரி, அடுத்த வேலை.” பேச்சை முடித்துவிட்டதுபோல் கதவை நோக்கி நடந்தார். பிறகு திரும்பாமலே கேட்டார். “ஆறுக்குட்டிங்கறது உங்க வீட்டுல யாராவதா?”

நான் இந்த வகுப்பில் சித்தப்பாவின் பெயரை யாரிடமும் சொன்னதில்லை. ஷாகுலிடம்கூட.

“உங்களுக்கு எப்படிங்க சார் தெரியும்?”

“முகவரி ஒண்ணா இருந்துச்சு” என்று சொல்லிக் கதவைத் திறந்து பிடித்தார். நான் போக வேண்டும் என்று அர்த்தம்.

அப்படியானால் அவரிடம் பெயர்கள் இருக்கின்றன. யாருக்கு ஒலித்தது என்று அவருக்குத் தெரிகிறது. தெரிந்துகொண்டே எங்களுக்கு விளையாட்டு சொல்லித் தருகிறார். இவரிடம் டம்ளரைப் பற்றிச் சொல்லியிருக்கவே கூடாது.

புதன்

எனக்கும் அரை நாள்தான் வேலை, சித்தப்பாவுக்கும் அப்படியே. மின்தடை. வீட்டுப் பின்புறம் துணி துவைக்கும் பெரிய தொட்டி இருக்கிறது. உட்கார்ந்தால் ஓர் ஆள் தலைவரை முழுகலாம்.

“சித்தப்பா, ஒருக்கா இதுல முழுகுங்க.”

“ஏன் அம்மிணி, நான் நாறறனா?”

“ஒரு சோதனைங்க. மூச்சை முழுசா வெளிய விட்டுட்டு அடியில ஒக்காருங்க.”

“அடப்பாவி. நான் முப்பதடிக் கிணத்துல அடியில கெடந்த கொடத்தை எடுத்தவன்.” வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். சித்தி துணி அலசுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

அவர் மூச்சை விட்டார். முழுகினார். உடனே தோள் மேலே வந்துவிட்டது. மறுபடி முயன்றார். மறுபடியும் காய்ந்த தேங்காய் நெற்று மாதிரி மேலே வந்தார்.

“வயித்துல எல்லாம் காத்து” என்று சித்தி சிரித்தார். “போண்டா திங்காதீங்கன்னு சொன்னா கேட்டாத்தான.”

“மூச்சை முழுசா விடுங்க சித்தப்பா.”

“விட்டுட்டனே.”

“இன்னும்.”

“இவ்வளவுதான் கண்ணு வருது.”

மூன்றாம் முறை தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தன்னைத் தானே கீழே அழுத்தினார். கையை எடுத்ததும் மிதந்தார். சித்தி சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

வார்ப்பின் உள்ளே குழி இருந்தால் இப்படித்தான். தூசியிலேயே வருடக்கணக்கில் மூச்சு விட்ட நுரையீரல், உள்ளே இழுத்த காற்றை முழுவதும் வெளியே தள்ளாது. அது உள்ளேயே தங்கிவிடும். கூண்டு அதைத்தான் தேடுகிறது. மூச்சை முழுவதும் விடச் சொல்லி ஒட்டியிருப்பதும் அதற்குத்தான். மணல் அச்சில் இருந்த மயிலாத்தாளும் அப்படித்தான் ஒலித்திருக்க வேண்டும்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாங்க சித்தப்பா. நாளைக்கே.”

அவர் துண்டால் தலையைத் துவட்டினார். “உனக்கு நடைமுறை தெரியாது அம்மிணி. தூசி நோய்க்குக் கம்பெனி பொறுப்புன்னு சட்டம் இருக்குது. ஆனா கம்பெனியே அனுப்பி, டாக்டர் எழுதுனாத்தான் அது செல்லும். நானாப் போனா அது என் இருமல். வேலையை விட்டு நிறுத்துன பொறகு போனாலும் அப்படித்தான்.”

“கம்பெனி எப்ப அனுப்பும்?”

“நோய் இருக்குதுன்னு அதுக்குத் தெரிஞ்சா.”

“தெரிஞ்சா வேலையை விட்டு எடுத்துருவாங்க.”

“அதான் சொல்றனே, நடைமுறை” என்றார். சிரிக்க முயன்று இருமினார்.

கம்பெனிக்குத் தெரியும். டாக்டருக்கும் சித்தப்பாவுக்கும் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் அட்டை வேலை செய்யாது. ஊர் திருட்டு என்று பேசிக்கொள்ளும். பேசுகிற ஊர் அவர்களுக்கு வசதிதான்.

இந்த விதி சரியாக வேலை செய்கிறது. அது சரியாக வேலை செய்வதற்காக நான் இரண்டு மாலைகள் மெனக்கெட்டேன்.

வியாழன்

என்ன செய்யலாம் என்று யோசித்தேன். யூனியன் ஆபீசில் சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். என்னிடம் இருப்பது ஒரு டம்ளரும் ஒரு தொட்டியும். விதியை வேண்டுமென்றே கெடுத்து அனுப்பலாம். ஆனால் புது விதி ஓடவில்லை என்றால் பழையதையே வைத்துக்கொள்வார்கள்.

தயாளன் சார் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஓடினால் போதும். விதியோடு சத்தமும் போகிறது.

அப்படியானால் சத்தத்தை மாற்றலாம்.

மதியம் சோதனைக்கூடத்தில் ஆள் இல்லாதபோது போனை வாயருகே வைத்துப் பதிவு செய்தேன். “உங்கள் உடம்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது. உள்ளே காற்று தங்குகிறது. நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.” அதை டம்ளரின் அதே பெயரில் சேமித்தேன். பெயர் மாறாததால் நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. டம்ளரைத் தேடும், இதை ஒலிக்கும்.

கூண்டே சொன்னால், வரிசை முழுவதும் கேட்டால், கம்பெனிக்குத் தெரியாது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. அவ்வளவுதான் என் திட்டம். திட்டம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஒரே இடைஞ்சல், எல்லாம் தயாளன் சாரின் கணினி வழியாகத்தான் போக வேண்டும்.

வெள்ளி

வகுப்பு முடிகிற நேரம், எல்லோரும் ஒரே சமயத்தில் வேலையைச் சமர்ப்பிக்கிற சந்தடியில் அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். பட்டையின் வேகத்தைக் கொஞ்சம் சீராக்கி, ‘திருத்திய பதிப்பு’ என்று பெயர் கொடுத்திருந்தேன். அனுப்பியும் விட்டேன்.

“சுகந்தி, இரு” என்றார் சார்.

ஷாகுல் என்னைப் பார்த்தான். நான் அவனைப் போகச் சொன்னேன்.

சார் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். என் விளையாட்டை ஓட்டினார். திரையில் ஒரு பெட்டி நின்றது. அந்த நேரத்தில்தான் சத்தம் வர வேண்டும். அவர் முகத்தில் ஒன்றுமே நகரவில்லை. முழுவதும் கேட்டார். திரும்ப ஓட்டி இன்னொரு முறை கேட்டார்.

“ஃபைல் பேரு பழசேதானா?”

“ஆமாங்க சார்.”

“வேற யாருகிட்டயாவது போட்டுக் காட்டுனியா?”

“இல்லீங்க.”

“ஷாகுல்?”

“இல்லீங்க சார்.”

“உன் போன்ல இருக்கறதை அழிச்சுரு. இப்பவே. என் முன்னால.”

அழித்தேன். வேறு என்ன செய்ய முடியும். கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் எடுக்கவில்லை.

“சரி, போ” என்றார்.

படிக்கட்டில் இறங்கும்போதுதான் புரிந்தது. என்னிடம் இனி ஒரு பிரதியும் இல்லை. இருந்த ஒரே பிரதியை அவரிடமே கொடுத்துவிட்டு, இருந்ததற்கான அடையாளத்தையும் அவர் சொன்னபடி அழித்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஞாயிறு

இரண்டு நாளாகக் காத்திருக்கிறேன், எதற்கென்று தெரியாமல். போன் அடித்தால் ஆலையின் பர்சனல் ஆபீசாக இருக்குமோ என்று தோன்றுகிறது. போன திங்களுக்குப் பிறகு சித்தப்பாவுக்கு ஒலிக்கவில்லை; மூச்சு கொஞ்சம் கூட வெளியே வருகிற நாளில் தப்பிவிடுகிறார் போலிருக்கிறது. ஆனாலும் லீவு போடச் சொன்னேன். “சந்தேகப்படறாங்கன்னு தெரிஞ்சே லீவு போட்டா, திருடினேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி” என்றார். அதுவும் சரிதான்.

திங்கள்

இன்று சித்தப்பாவுக்குப் பச்சை. வரிசையில் அவருக்குப் பின்னால் நானும் போய், சுவரோரம் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் உலைப்பிரிவு ஆள் ஒருவர் போனார். ‘டிங்’. தகர நடுக்கம். “சு...”

பழைய டம்ளரேதான். போன முறை வெள்ளிக்கிழமை அனுப்பியது திங்கள் காலையில் வாசலுக்கு வந்திருந்தது. இந்த முறை வரவில்லை. அப்படியானால் தயாளன் சார் அனுப்பவில்லை. அழித்திருப்பார். இல்லை, வேறு யாரிடமாவது கொடுத்திருப்பார். பெயர்களை வைத்திருக்கிற மனிதர். என் பெயரையும் இப்போது எங்கே எழுதி வைத்திருக்கிறாரோ.

கடலை நீட்டியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பனி இருந்தது. சித்தப்பா எனக்கு நாலு பேர் முன்னால் நின்றார். ராத்திரியெல்லாம் இருமியிருந்தார். கூண்டுக்குள் போனார். கதவு மூடியது. கன்னம் குழிவிழும்வரை அவர் மூச்சை வெளியே தள்ளுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். போதாது என்று எனக்குத் தெரிந்தது.

பச்சை எரியவில்லை.

டம்ளரும் ஒலிக்கவில்லை. ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு கூண்டு பேசியது.

“உங்கள் உடம்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது. உள்ளே காற்று தங்குகிறது. நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.”

என் வாக்கியங்கள். ஆனால் ஆண் குரல். அவசரமில்லாமல், பாடம் எடுப்பதுபோல. அந்தக் குரலை வாரத்தில் இரண்டு மாலை கேட்கிறவள் நான்.

நான் எழுதாத இன்னொன்றையும் அது சொன்னது. “இன்றைக்கே போங்கள். உள்ளே போவதற்கு முன்னால் போங்கள். கம்பெனி அனுப்பியது என்று சொல்லுங்கள்.”

செக்யூரிட்டி எழுந்து நின்றார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் கையை நீட்டி வைத்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. சித்தப்பா வெளியே வந்து கூண்டைத் திரும்பிப் பார்த்தார்.

“இதென்ன, நம்ம டாக்டரு உள்ள குடியிருக்காரா?”

இந்த முறை யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. பின்னாலிருந்து மணல் அச்சுப் பிரிவுப் பெண் ஒருத்தி கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

“அப்ப மயிலாத்தா?”

வரிசை நகரவில்லை. உலைப்பிரிவுக்காரர், நேற்று ஒலித்தவர், வரிசையிலிருந்து விலகி வந்து கூண்டுக்குள் தானாகவே ஏறி நின்றார். கூண்டு அவரிடமும் அதையே சொன்னது. கடைசி வரி உட்பட. செக்யூரிட்டி யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். அதற்குள் அது இன்னும் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டது. அவர்களுக்கு இதுதான் முதல் முறை.

சித்தப்பாவையும் அவர்களையும் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண், “யார் அனுப்பினது?” என்று கேட்டார்.

“கம்பெனிங்க” என்றார் சித்தப்பா. “வாசல்லயே வச்சு சொல்லிட்டாங்க. இத்தனை பேரு சாட்சி.”

அந்தப் பெண் அப்படியே எழுதிக்கொண்டார். நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பும் வழியில் மயிலாத்தாள் அக்கா வீட்டில் இறங்கி, நடந்ததைச் சித்தப்பாவே சொன்னார். நான் வாசலில் நின்றேன்.

மாலை வகுப்புக்குப் போனேன். வேறொரு அம்மா உட்கார்ந்திருந்தார். தயாளன் சார் வரமாட்டார் என்றார். எப்போது வருவார் என்று ஷாகுல் கேட்டதற்கு, தனக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது என்றார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். “ஒரு விளையாட்டுல குரல் பதிவு இருந்ததாமே, அதைச் செஞ்சது யாரு?”

ஷாகுல் என் பக்கம் திரும்பவேயில்லை. “அது தயாளன் சார் குரல்தானே மேடம்? வாசல்ல எடுத்த வீடியோ எல்லார் போன்லயும் வந்துருக்கு” என்றான்.

“அவருடைய குரல்தான்” என்றார் அந்த அம்மா. எழுதிக்கொண்டார். அதற்கு மேல் யாரையும் கேட்கவில்லை.

என் குரலை ஆலை வாசலில் தெரியாதவர் இல்லை. காலையும் மாலையும் அந்த வரிசையில் நின்று பேசுகிறவள். அது நான் பேசிய பதிவாகவே ஒலித்திருந்தால், இன்று மாலை நான் எங்கே இருந்திருப்பேன்? இவ்வளவு சாதாரண விஷயம் எனக்குத் தோன்றவேயில்லை. அவர் ஒருமுறை கேட்டதிலேயே அவருக்குத் தோன்றியிருக்கிறது. திங்கள் வராமல் செவ்வாய் வந்ததும் அதனால்தான் இருக்கும். பேசிப் பதிவு செய்ய ஒரு நாள் ஆகியிருக்கும்.

அவரிடம் பெயர்கள் எப்படி வந்தன, எத்தனை நாளாக இருந்தன, எனக்கு முன்னால் யாருடைய விதியை மேலே அனுப்பினார், இதெல்லாம் எனக்குத் தெரியாது. இனி கேட்கவும் முடியாது. இந்தச் செயலை வைத்து அவரை நல்லவர் என்று எழுதிவிடவும் பயமாக இருக்கிறது. கேள்விக்குறி போட்டு விட்டுவிடுகிறேன்.

பஸ்ஸில் அந்த வீடியோவைக் காதில் வைத்து மறுபடி மறுபடி கேட்டேன். அவர் பேசி முடித்த பிறகு என்ன வருகிறது என்று கவனித்தேன். டம்ளரின் நடுக்கம் இல்லை. அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த “சு” இல்லை. என் பெயரில் எஞ்சியிருந்த அந்த ஓர் எழுத்தையும் அவர் வாசலிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். சுத்தமாக, ஓரம்கூடத் தெரியாமல்.